உயரத்தை அளத்தலும் நிலத்தை மறத்தலும்: சென்னை மேற்குப் புறநகர் வான்விளிம்பை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

பெருநகரங்களின் வளர்ச்சியை வானளாவிய கட்டடங்களின் உயரத்தாலும் எண்ணிக்கையாலும் ஒப்பிடுவது பெருவழக்காகியுள்ளது. 1959இல் திறக்கப்பட்ட 14 மாடி எல்.ஐ.சி. கட்டடம் சென்னையின் அடையாளமாக நிலைபெற்றதும் இவ்வளவுகோலால்தான். இதன்படி அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய புறநகர்கள் மும்பையோடு வைத்து எண்ணத்தக்கன அல்ல. ஆயினும், கட்டடம் எழும் நிலம் முன்பு எதற்குப் பயன்பட்டது என வினவின் ஒப்பீடு பொருளுடையதாகிறது.

ஆலைநிலமும் கோபுரமும்

மும்பை லோயர் பரேலில் ஏறத்தாழ 280 மீட்டர் உயர்ந்து நிற்கும் வேர்ல்டு ஒன் கோபுரம், ஸ்ரீநிவாஸ் பஞ்சாலை இருந்த நிலத்தில் எழுந்தது. 1982ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின் அந்நகரின் பஞ்சாலைகள் பல மூடப்பட்டன. ஆலைநிலத்தை மறுகட்டுமானம் செய்யும்போது மூன்றில் ஒரு பங்கைப் பொதுவெளிக்கும் மற்றொரு பங்கைப் பொது வீட்டுவசதிக்கும் அளிக்க 1991ஆம் ஆண்டு விதி வழிவகுத்தது. 2001ஆம் ஆண்டுத் திருத்தம் இப்பங்கீட்டைக் கட்டடமில்லாக் காலிநிலத்திற்கு மட்டும் உரியதாகச் சுருக்கியது; 2006இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. அங்கு வான்விளிம்பை வரைந்ததில் பொறியியலுக்கு நிகரான பங்கு விதிக்கும் உண்டு.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் சிறுதொழில்களுக்கென அமைக்கப்பட்டது. இன்று அதனுள் லேத்துப் பட்டறைகள் இயங்கிக்கொண்டிருக்க, அருகிலேயே கண்ணாடி முகப்புடைய தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் எழுந்துள்ளன. மும்பையில் தொழில் ஓய்ந்தபின் வந்த கோபுரம், இங்குத் தொழில் நடக்கும்போதே வந்துவிட்டது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019, உயரம் 18.30 மீட்டருக்கு மிகாத கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீட்டை 2 எனவும், அதனைக் கடந்த உயரக் கட்டடங்களுக்கு 3.25 எனவும் வகுத்தன. இவ்வூக்கம் அலுவலகத்திற்கும் குடியிருப்பிற்கும் பயன்படும். கனரக எந்திரத்தைத் தரைத்தளத்தில் நிறுத்தியாக வேண்டிய பட்டறைக்குப் பயன்படாது. எனவே யாரும் வெளியேற்றாமலேயே பட்டறை தன் நிலத்தின் விலைக்குத் தோற்கும் நிலை உருவாகிறது.

மௌலிவாக்கம்

உயரத்தை மட்டும் அளக்கும் ஒப்பீடு, கட்டுவோரின் உயிரையும் கணக்கில் கொள்வதில்லை. போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டுமானத்திலிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தனர். அவர்களுள் ஆந்திரம், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் பலர். அதன் இணைக்கட்டடம் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. வான்விளிம்பில் இன்று இவ்விரண்டின் சுவடும் இல்லை.

முடிவுரை

மும்பையில் ஆலைநிலப் பங்கீடு முடிந்துபோன வரலாறு. அம்பத்தூரில் அது இன்னும் முடிவாகாத வினா. ஆதலின் நகர ஒப்பீட்டாய்வுகள் கட்டடத்தின் உயரத்தோடு, அந்நிலத்தின் முந்தைய பயன்பாட்டையும் பொதுமக்களுக்குக் கிடைத்த பங்கையும் சேர்த்துப் பதிவுசெய்தல் வேண்டும். அப்பதிவு பட்டறைகள் இயங்கும் காலத்திலேயே செய்யப்பட்டால்தான் விதிவகுப்போருக்குப் பயன்படும்.