மீனால் அளந்த தவளை

கொழும்பிலிருந்து வரும் பெருந்தெரு பெரகலச் சந்தியில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று அப்புத்தளைக்கு ஏறுகின்றது; மற்றொன்று வெல்லவாயவுக்கு இறங்குகின்றது. இரு மருங்கும் தேயிலை. முதுகில் தாங்கியைச் சுமந்த தொழிலாளி புல்லுக்கு மருந்தடித்துச் செல்லுங்கால், அம்மருந்து புல்லின்மேல் மட்டுமோ விழுகின்றது? புல்லடியில் ஒடுங்கிய தவளைக்கும் ஓணானுக்கும் நேரும் தீங்கினை அறிவியல் எவ்வாறு அளக்கின்றது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

பீடைகொல்லி ஒன்றினைப் பதிவுசெய்யுமுன் மீன், நீர்த்தெள்ளு, தேனீ, பறவை, எலி முதலியவற்றில் அதன் நச்சுத்தன்மையைச் சோதிப்பர். அவ்வரிசையில் தவளைக்கும் ஊர்வனவற்றிற்கும் நிலையான இடமில்லை. நீரில் நீந்தும் வாற்பேத்தைக்கு மீன் சான்று. நிலத்தில் வாழும் தவளைக்கும் ஓணானுக்கும் பறவையும் முலையூட்டியும் சான்று. பிறிதோர் உடம்பால் இவ்வுடம்பை அளக்கும் இம்முறையினை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபையின் அறிஞர் குழு 2018இல் வெளியிட்ட கருத்துரையில் ஆராய்ந்தது. தவளை தோலால் நீரை உறிஞ்சுவது. தோலால் மூச்சும் விடுவது. இறகு போர்த்த பறவை அதற்கு எங்ஙனம் சான்றாகும்? தோல்வழி ஏறும் நஞ்சினை அக்குழு முதன்மையாகக் கொண்டது மிகப் பொருத்தமே. 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஐரோப்பியப் பொதுத்தவளையின் இளம் பருவத்தனமீது ஏழு மருந்துகள் தெளிக்கப்பட்டன. சிட்டையிற் குறித்த அளவிலேயே ஒரு மருந்து ஒரு மணி நேரத்துள் அனைத்தையும் கொன்றது. தீங்கு குறைந்ததும் ஏழு நாளில் நூற்றுக்கு 40ஐக் கொன்றது.

நம் நாட்டில் இத்துறைக்கு வழிகாட்டியது 2010இல் வெளிவந்த பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாகும். குளோர்பைரிபோஸ், டைமெதோயேற், கிளைபோசேற், புரோப்பனில் ஆகிய நான்கினையும் இலங்கைக்குரிய மரத்தவளை ஒன்றின் வாற்பேத்தைகளில் சோதித்து, வளர்ச்சிக் குறைவையும் முதுகெலும்புக் கோணலையும் அது காட்டிற்று. மீனை விடுத்துத் தவளையையே எடுத்துக்கொண்டமை அதன் சிறப்பு. எனினும் மலைநாட்டைப் பொறுத்தவரை ஒரு குறை எஞ்சுகின்றது. இங்குப் பல்கிய செடித்தவளை இனங்களுக்கு வாற்பேத்தைப் பருவமே இல்லை. அவை ஈரமண்ணிலோ இலைமேலோ முட்டையிடும். முட்டைக்குள்ளேயே குஞ்சு முழுத் தவளையாகி வெளிவரும். நீர்த்தொட்டியிற் செய்த சோதனை எத்துணை நுட்பமாயினும், தேயிலைத் தூரடி மண்ணிற் கிடக்கும் முட்டைக்கு விடை தாராது. மருந்து நேரே விழுவது அம்மண்ணிலன்றோ!

உலகில் அற்றுப்போனவையெனப் பதிவான தவளையினங்களில் ஏறத்தாழப் பாதி இலங்கைக்குரியவை. அப்பழியை மருந்தின் தலையில் ஏற்றுவது நேர்மையன்று. அவற்றுட் பல பத்தொன்பதாம் நூற்றாண்டிற்குப் பின் காணப்படாதவை. காடழித்துக் கோப்பியும் தேயிலையும் நட்ட காலம் அது. எஞ்சியவற்றைப் பற்றியதே இன்றைய கேள்வி.

ஊர்வன பற்றிய ஆய்வு இதனினும் சிறிது. ஓணானின் முட்டையோடு கோழிமுட்டையினதுபோல் வன்மையுடையதன்று. மண்ணின் ஈரத்தை உறிஞ்சிப் பருப்பது. ஈரத்தோடு மருந்தும் புகக்கூடும்.

இலங்கையின் தடைச்சட்டங்களும் ஈண்டு நோக்கத்தக்கன. கொடுநஞ்சுகள் 1995இலும், பரகுவாற், டைமெதோயேற், பென்தியோன் ஆகியன 2008 முதல் 2011 வரையிலும் விலக்கப்பட்டமைக்கு மருந்தருந்தி மாண்ட மக்களே காரணம். அத்தடைகள் பல்லாயிரம் உயிர்களைக் காத்தன. அதனைக் குறைகூறுவார் இலர். 2015இல் கிளைபோசேற் தடுக்கப்பட்டது சிறுநீரக நோயச்சத்தால். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அது மீண்டும் அனுமதிக்கப்பட்டது களையாலும், மாற்றுக் களைகொல்லியின் எச்சங்கண்டு யப்பானியர் தேயிலையை மறுத்ததாலும். மனிதர் உயிரும் ஏற்றுமதி வருவாயும் நிறுக்கப்பட்ட அத்தராசில் தவளை ஒருகாலும் ஏறியதில்லை. டைமெதோயேற் ஒழிந்ததால் அதற்கு நன்மை விளைந்திருப்பின், அது தற்செயலே.

இக்குறையை நீக்கப் பெருங்கருவி வேண்டுவதில்லை. செடித்தவளையின் ஆண் இரவிற் குரலெழுப்புவது. இனத்துக்கு இனம் குரல் வேறு. இடைப்பருவ மழை இறங்கும் ஒக்ரோபர் முதல், மருந்தடித்த மலையிலும் கையாற் புல்வெட்டிய மலையிலும் ஒரே நேரத்தில் அக்குரல்களை எண்ணிக் குறிக்கலாம். ஈராண்டு தொடர்ந்தால் ஒப்பிட இடமுண்டு. எண்ணுதற்குத் தோட்டப் பாடசாலையின் உயர்வகுப்பு மாணவரே போதுமானவர். அவர் இருக்கும் லயங்கள் அம்மலைகளின் நடுவிலேயே உள்ளன.