துன்பம் தந்ததா, துணை தந்ததா?

ஒரே ஓர் இசைத்தட்டு. பத்தே பாடல்கள். ஒரு குரல், ஒரு கிதார். பதிவு முழுவதும் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. 1965 டிசம்பரில் இங்கிலாந்தில் அது வெளிவந்தபோது நாடு அதனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாடியவர் ஜாக்சன் சி. பிராங்க் என்னும் அமெரிக்கர். அப்போது அவருக்கு வயது 22. தட்டுக்கும் அவர் பெயரே பெயர். 1999-இல் தமது 56-ஆம் வயதில் மறையும் வரையில் இரண்டாவது தட்டு ஒன்றை அவர் வெளியிடவே இல்லை.

ஆயினும் அந்தத் தட்டு மறையவில்லை. விளம்பரம் வளர்க்காததை விரும்பிக் கேட்டவர்கள் வளர்த்தார்கள். சைமன், கார்பங்கல் இருவரும் அவருடைய ‘புளூஸ் ரன் தி கேம்’ என்ற பாடலைப் பாடிப் பதிந்தனர். அப்பதிவு 1997-இல்தான் வெளியுலகைக் கண்டது. பெர்ட் ஜான்ஷ் பாடினார். சாண்டி டென்னி பாடினார். 1974-இல் 26 வயதிலேயே இறந்துபோன நிக் டிரேக், வீட்டில் தனியே அமர்ந்து ஒலிநாடாவில் பாடிவைத்தவற்றுள் நான்கு பாடல்கள் பிராங்கின் தட்டிலிருந்து எடுத்தவை. 2007-இல் அவையும் வெளிவந்தன. 2010-இல் லாரா மார்லிங் என்ற இளம் பாடகி அதே ‘புளூஸ் ரன் தி கேம்’ பாடலுக்கு மறுவாழ்வு தந்தார். 2019-இல் வெளிவந்த ‘ஜோக்கர்’ திரைப்படத்தில் ‘மை நேம் இஸ் கார்னிவல்’ ஒலித்தது. பாடகர் வாயிலிருந்து பாடகர் வாய்க்கும், கேட்டவர் நெஞ்சிலிருந்து கேட்பவர் நெஞ்சுக்கும் இத்தட்டு நடந்தே வந்திருக்கிறது.

நமக்கு இது விளங்காத செய்தி அன்று. செம்புலப்பெயல்நீரார் எத்தனைப் பாட்டு எழுதினார்? நமக்குக் கிட்டியது குறுந்தொகையில் ஒன்று. பெற்றோர் இட்ட பெயர்கூட நமக்குத் தெரியாது. பாட்டின் உவமையே புலவரின் பெயராயிற்று. சங்கத் தொகைகளில் ஒற்றைப் பாட்டால் வாழ்கின்றவர் பலர். அளவு கண்டு அன்பு செலுத்துவது வணிகன் வேலை. சுவைஞன் வேலை அதுவன்று.

பிராங்கின் பாடல்கள் அந்த அன்புக்குத் தகுதி உடையனவா? உடையன என்பதே நம் முடிவு. ‘புளூஸ் ரன் தி கேம்’ அவர் இங்கிலாந்துக்குப் போகும் கடற்பயணத்தின்போது எழுதியது. எந்தக் கரைக்குக் கப்பலேறினாலும் துயரமும் உடன் ஏறிவிடுகிறது என்பதே அதன் பொருள். இவ்வளவு பெரிய செய்தியைச் சொல்ல அவர் பெரிய சொல் எதையும் தேடவில்லை. விரல்கள் நரம்புகளை ஒரே சீராக மீட்டுகின்றன. குரல் அழவில்லை, இறைஞ்சவில்லை, நடந்ததை நடந்தபடி சொல்லிச் செல்கிறது. ‘மில்க் அண்ட் ஹனி’ பருவங்கள் மாறுவதையும் பிரிவையும் ஒரே மூச்சில் பாடுகிறது. ‘மை நேம் இஸ் கார்னிவல்’ களியாட்டமே ஆளாக எழுந்து நம் எதிரே நின்று பேசுவது போன்றது. வண்ண வேடத்தின் பின்னே அச்சம் நிற்கிறது. பத்தும் ஒரே தரம் என்று நாம் சொல்ல மாட்டோம். ‘ஜஸ்ட் லைக் எனிதிங்’ சொல் விளையாட்டு. மற்றவற்றின் பக்கத்தில் வைத்தால் எடை குறைவு. ஆனால் பத்தில் ஆறேனும் மறுபடி மறுபடி கேட்கத் தூண்டுவன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘புளூஸ்’ என்ற இசை பிராங்கின் வீட்டில் பிறந்ததன்று. சட்டத்தால் அடிமைத்தளை நீங்கியும் வாழ்வால் நீங்காத அமெரிக்கத் தென்மாநிலக் கறுப்பின மக்கள், பருத்திக் காட்டிலும் சிறைக்கூடத்திலும் வளர்த்த இசை அது. ‘கிம்பி’ பழைய வாய்மொழிப் பாடலொன்றைத் தழுவி எழுந்தது. ‘டோன்ட் லுக் பேக்’ சமூக அநீதியைச் சாடும் பாட்டு. ஆகவே, வானத்திலிருந்து தனியே விழுந்த மேதை என்று இவரைப் போற்றுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஊரார் உழைப்பில் விளைந்த இசையை வாங்கி, அதில் தம் குரலைச் சேர்த்தவர் அவர்.

இனி, நம்மை உறுத்தும் செய்திக்கு வருவோம். இத்தட்டை விரும்புவோர் பலர், பாட்டைச் சொல்வதற்கு முன்பே பாடியவர் பட்ட பாட்டைச் சொல்லத் தொடங்கிவிடுகின்றனர். அந்தக் கதை இது.

1954 மார்ச் 31. நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ நகரை அடுத்த சீக்டோவாகா. கிளீவ்லாந்து ஹில் பள்ளியில், மரத்தால் கட்டிய இணைப்புக் கட்டடத்தில் இசை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. தீ பற்றியது. குழந்தைகள் 15 பேர் மாண்டனர். 11 வயது பிராங்க், உடலில் ஏறத்தாழப் பாதி வெந்து உயிர் பிழைத்தார். மாதக்கணக்கில் மருத்துவமனைப் படுக்கை. 21 வயதில் அந்த விபத்துக்கான இழப்பீடாக ஏறத்தாழ 1,10,000 டாலர் கைக்கு வந்தது. அதைக்கொண்டு இங்கிலாந்து சென்றார். தட்டு வந்தது. பணம் கரைந்தது. மனச்சோர்வு கவிந்தது. மணம் செய்தார், மகன் நோயால் இறந்தான், மணவாழ்வும் முறிந்தது. 1984-இல் பால் சைமனைத் தேடி நியூயார்க் நகரம் சென்றவர், அவரைக் காணாமல் தெருவில் தங்கினார். மருத்துவமனைக்கும் தெருவுக்குமாக அலைந்தார். ஒருநாள் தெருவோர இருக்கையில் அமர்ந்திருந்தபோது இளைஞர் சிலர் காற்றுத் துப்பாக்கியால் சுட்டதில் இடக்கண் பார்வை போயிற்று.

கேட்டால் கல்லும் கசியும். கசிந்த நெஞ்சு அடுத்து என்ன சொல்கிறது என்பதில்தான் நமக்கு வழக்கு. ‘சபிக்கப்பட்டவன்’ என்கிறது ஒரு குரல். ‘அத்தனைத் துன்பம் இல்லையேல் இத்தனை இனிய பாட்டு ஏது?’ என்கிறது மற்றொரு குரல். முன்னது ஊழின் பெயரால் சமூகத்தை விடுவிக்கிறது. பின்னது கலையின் பெயரால் துன்பத்தையே வாழ்த்துகிறது. இரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை.

சபித்தது யார்? குழந்தைகளை மரக் கட்டடத்தில் அமர்த்தியது எந்தத் தேவன்? வெந்த தோலுக்கு மருந்திட்டவர்கள் வெந்த உள்ளத்துக்கு என்ன இட்டார்கள்? தம் நோய் அந்த விபத்தின் அதிர்ச்சியிலிருந்து வந்த மனச்சோர்வு என்று பிராங்க் சொன்னார். மருத்துவர் மனச்சிதைவு என்று எழுதினர். பெயர் எதுவாயினும், நோயாளியைத் தெருவில் விட்டது விண்மீன் அன்று, மனிதர் அமைத்த ஏற்பாடு. ஊழ் என்று சொன்னால் எவரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. அதனால்தான் அச்சொல் எல்லா நாட்டிலும் இவ்வளவு செல்வாக்கோடு உலவுகிறது.

துன்பமே பாட்டைத் தந்தது என்பார்க்கு ஒரே ஒரு கேள்வி. 1965-க்குப் பின் அவர் பட்ட துன்பம் குறைந்ததா, கூடியதா? கூடியது. மகனை இழந்தார், வீட்டை இழந்தார், கண்ணை இழந்தார். துன்பம் பாட்டை ஈனுமானால் அவர் பத்துத் தட்டுகள் அல்லவா தந்திருக்க வேண்டும்? 1970-களில் சில, 1990-களில் சில என உதிரிப் பாடல்களே பதிவாயின. துன்பம் பெருகப் பெருகப் பாட்டு அருகியது. இதுவே கண்முன் நிற்கும் கணக்கு.

பின், அந்த ஒரு தட்டு எப்படிப் பிறந்தது? மருத்துவமனைப் படுக்கையில் கிடந்த சிறுவனிடம் ஓர் ஆசிரியர் கிதார் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். இது முதல் துணை. இழப்பீட்டுப் பணம், வயிற்றுக்காக வேறு வேலை தேடாமல் பாட்டோடு இருக்கும் ஓய்வைத் தந்தது. இது இரண்டாம் துணை. இலண்டனில் சோகோ பகுதியில் ‘லெ கசின்ஸ்’ என்ற நிலவறை அரங்கில் இளம் பாடகர்கள் ஒருவர் பாட்டை ஒருவர் கேட்டு வளர்ந்தனர். இது மூன்றாம் துணை. அப்போது இலண்டனில் இருந்த பால் சைமன், தாமே முன்நின்று பதிவை நடத்தினார். ஆல் ஸ்டூவர்ட் ‘யெல்லோ வால்ஸ்’ பாடலுக்கு உடன் வாசித்தார். பிறர் பார்க்கப் பாட நாணிய பிராங்க், தம்மைச் சுற்றித் திரைகளை நிறுத்தச் சொன்னார். நண்பர்கள் நகைக்கவில்லை, திரையை நிறுத்தினர், அவர் வாய் திறக்கும் வரை காத்திருந்தனர். அந்தக் காத்திருப்பும் துணைதான். இத்தனைத் துணைகளும் ஒருங்கு கூடிய அந்த ஓராண்டில் தட்டு பிறந்தது. ஒவ்வொன்றாக விலகியதும் குரல் தேய்ந்தது.

துன்பத்துக்குப் பங்கே இல்லையா என்பீர்கள். உண்டு. அது மண். மண் கிடந்தால் மட்டும் பானை ஆகாது. சக்கரம் வேண்டும், சூளை வேண்டும், குயவன் கை ஓயாதிருக்கச் சோறும் வேண்டும். மேலும், பள்ளித் தீயைப் பற்றி நேராக ஒரு பாட்டும் அத்தட்டில் இல்லை என்பதைக் கதை சொல்வோர் கவனிப்பதில்லை. தம் புண்ணைக் காட்டி இரக்கம் வாங்க அவர் விரும்பவில்லை. அவர் காட்டாத புண்ணைக் கிளறிக் காட்டிவிட்டுப் பிறகு பாட்டைப் போடுகிறோமே, அது அன்பாகுமா?

பெற்ற துணையை அவர் பிறர்க்கும் தந்தார். செவிலியர் பயிற்சியில் இருந்த சாண்டி டென்னியிடம், அதை விடுத்து இசையையே தொழிலாகக் கொள்ளும்படி வற்புறுத்தியவர் பிராங்க். பின்னாளில் ஆங்கில நாட்டார் இசையின் தலைசிறந்த குரல்களுள் ஒன்றாக அவர் குரல் எண்ணப்பட்டது. பரிசில் பெற்ற பாணன், பெறாத பாணனுக்கு வழிகாட்டுவதை நம் முன்னோர் ஆற்றுப்படை என்றனர். அங்கே வழி காட்டியவர் பின்னர் வழியின்றி நின்றபோது, அவரைத் தேடி வந்தவர் யார்?

வந்தவர் ஒரு சுவைஞர். மன்னர் அல்லர், செல்வர் அல்லர், இசைத்தட்டு நிறுவனத்தாரும் அல்லர். வுட்ஸ்டாக் வட்டாரத்தில் வாழ்ந்த ஜிம் அபாட், பழைய பாடல்களில் பற்றுக்கொண்டவர். 1990-களின் தொடக்கத்தில், பிராங்க் நியூயார்க் நகரில் கேட்பாரற்றுக் கிடக்கிறார் என்று அறிந்தார். அறிந்ததும் வருந்திவிட்டுத் தட்டைச் சுழலவிட்டு உட்காரவில்லை. போய்க் கண்டார், வுட்ஸ்டாக் பக்கம் அழைத்துவந்து தங்க இடம் தேடித் தந்தார். பிராங்க் மறுபடி கிதாரைத் தொட்டார். சில பாடல்கள் பதிவாயின. 1996-இல் பழைய தட்டு புதிய பாடல்கள் சிலவற்றோடு குறுந்தகடாக வந்தது. பாடியவர் உயிரோடிருந்து அதைக் கண்டார். துணை திரும்பியதும் பாட்டும் சிறிது திரும்பியது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? அபாட் 2014-இல் அவர் வாழ்க்கையை நூலாகவும் எழுதினார்.

1965-இல் வாங்காதவர்களை இன்று ஏசிப் பயனில்லை. எனினும், கேட்பவர் அன்பில் இருவகை உண்டு என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. ஒன்று, மறைந்தவரின் துயரத்துக்கு மாலையிட்டு, அத்துயரத்தையே அழகென்று கொண்டாடுவது. சிலைக்குப் பாலாட்டிவிட்டுப் பசித்தவனைக் கடந்து போகும் பழக்கத்தின் மறுவடிவம் அது. மற்றது, பாடியவன் எங்கே இருக்கிறான், உண்டானா, உறங்க இடம் உண்டா என்று கேட்பது. முன்னது வழிபாடு, பின்னதுதான் அன்பு.

இத்தட்டைக் கேளாதவர்கள் கேட்க வேண்டும். கதையை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் பாட்டைக் கேட்க வேண்டும். அது தன் காலிலேயே நிற்கும். கேட்டு முடித்தபின், அறியப்படாத ஒரு குரல் நம் தெருவிலும் நம் ஊரிலும் பாடிக்கொண்டிருக்குமானால் அதன் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். ஒரு கிதாரும், ஓராண்டு ஓய்வும், காத்திருக்கத் தெரிந்த நான்கு நண்பரும் பத்துப் பாடல்களைத் தந்தன. அவை நீடித்திருந்தால் எத்தனைத் தந்திருக்கும் என்பதே, அந்தத் தட்டு முடிந்ததும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய கணக்கு.