இரத்தமும் புல்லும்

கல்முனைப் பகுதியில் இலக்கியம் பயிலும் மாணவர் இருவர் இரண்டு வினாக்களைக் கொண்டு வந்தனர். "சேர், முதலாளி ஏழையின் இரத்தத்தைக் குடித்தான் என்று கதைகளில் எழுதுகிறார்களே, மனிதன் உண்மையில் இரத்தம் குடிக்க முடியுமா?" என்று ஒருவன் கேட்டான். "கஞ்சாவுக்கு மட்டும் ஏன் இத்தனை பட்டப்பெயர்கள்?" என்று மற்றவன் கேட்டான். வேடிக்கை வினாக்கள் என்று இவற்றை ஒதுக்கிவிடலாம். எனினும், ஒரு சொல் எப்போது பொருளைக் காட்டுகிறது, எப்போது மறைக்கிறது என்னும் பிரச்சினை இரண்டினுள்ளும் அடங்கியிருக்கிறது. விமர்சனம் தட்டிக்கழிக்க முடியாத பிரச்சினை அது.

முதல் வினாவுக்கு உடலியல் தரும் விடை எளிது. இரத்தத்தை மிகுதியாக விழுங்கினால் வயிறு குமட்டி வெளியேற்றிவிடும். சமூகம் தரும் விடையோ ஆழமானது. ஓடும் இரத்தத்தை உணவாகக் கொள்வதைத் திருக்குர்ஆன் அல்-அன்ஆம் அத்தியாயத்தின் 145 ஆம் வசனம் விலக்குகிறது. ஆகவே, கல்முனைக்குடி வாசகன் ஒருவனுக்கு 'இரத்தம் குடித்தவன்' என்பது வெறும் அணியாகத் தோன்றாது. அயலூரான பாண்டிருப்பில், திரௌபதை அம்மன் கோயிலில் ஆண்டுதோறும் 18 நாள் விழா நடைபெறுகிறது. வனவாசமும் தீமிதிப்பும் அங்கே பாரதக் கதையை ஊரின் அநுபவமாக்குகின்றன. அக்கதையில் துச்சாதனனின் இரத்தத்தைக் குடித்த வீமன், போர் முடிந்தபின் காந்தாரியின் முன் நிற்கிறான். அவ்விரத்தம் தன் உதட்டையும் பல்லையும் கடந்து உள்ளே செல்லவில்லை என்று அவளிடம் கூறுவதாக வியாச பாரதம் சொல்கிறது. சபதம் நிறைவேற்றிய வீரனே அச்செயலை ஏற்கக் கூசுகிறான்! ஒரே கடற்கரையில் வாழும் இரு சமூகத்தாரும் இச்சொல்லின் கனத்தை அறிவர். நம் கதாசிரியர்களோ மூன்று பக்கத்துக்கு ஒருமுறை அதனைச் செலவிட்டுத் தேய்த்துவிட்டனர்.

இதற்கு மார்க்ஸைத் துணைக்கழைப்போர் உண்டு. 1867 இல் வெளிவந்த 'மூலதனம்' என்னும் நூலில், உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழும் இரத்தக் காட்டேரியாக அவர் மூலதனத்தை உருவகித்தது மெய்யே. ஆனால் அந்நூலில் அவ்வுருவகம் சில இடங்களில் மட்டுமே வருகிறது. அது இடம்பெறும் 'வேலைநாள்' அதிகாரத்தை நிரப்புவன பிரித்தானியத் தொழிற்சாலைப் பரிசோதகர்களின் அறிக்கைகள். உணவு வேளையில் எத்தனை நிமிடம் திருடப்பட்டது, எத்தனை வயதுச் சிறுவன் எத்தனை மணிநேரம் நின்றான் என்ற கணக்குகள் அங்கே அடுக்கப்பட்டுள்ளன. நாம் காட்டேரியை எடுத்துக்கொண்டோம், கணக்கை விட்டுவிட்டோம். மருதமுனை நெசவாளியைப் பற்றிக் கதை எழுதுகிறோம். நூல் யாருடையது, ஒரு சாரத்துக்கு அவன் பெறும் கூலி என்ன என்று சொல்வதில்லை. வயலைப் பற்றி எழுதுகிறோம். போடியாருக்கு எத்தனை மூடை, முல்லைக்காரனுக்கு எத்தனை மூடை என்று எண்ணிக் காட்டுவதில்லை. முதலாளியை அரக்கனாக்கும் கதை, அவனிடத்தில் ஒரு நல்லவன் வந்தமர்ந்தால் துன்பம் தீர்ந்துவிடும் என்ற மயக்கத்தையே வளர்க்கும்.

இனி, இரண்டாம் வினா. அரபு மொழியில் 'ஹஷீஷ்' என்றால் புல், பூண்டு என்று பொருள். ஆங்கிலப் பேச்சில் வழங்கும் 'கிராஸ்', 'வீட்' என்பனவும் புல்லையும் களையையுமே குறிப்பன. நம்மவர் 'சிவமூலி' என்றனர். மொழிகள் வேறாயினும் தந்திரம் ஒன்றே: பொதுப்பெயருள் பொருளை ஒளித்தல். 'கஞ்சா' என்ற சொல் வடமொழி வழியாக வந்தது. 1845 முதல் ஜமெய்க்காவின் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றப்பட்ட இந்தியருடன் அச்சொல்லும் கப்பலேறியது. இன்றும் அத்தீவினர் அப்படியே வழங்குகின்றனர். '420' என்பதை மோசடிச் சட்டத்தோடு தொடர்புபடுத்துவது பிழை. மோசக்காரனைக் குறிக்கும் '420', 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டக்கோவையிலிருந்து பிறந்தது. கஞ்சாவைக் குறிக்கும் '420' ஓ, 1971 இல் கலிபோர்னியாவின் சான் ரஃபாயெல் நகரில் மாணவர் ஐவர் மாலை 4.20 மணிக்குச் சந்திக்க வைத்துக்கொண்ட குறிச்சொல்.

இரத்தமும் புல்லும் ஒன்றாய்க் கலந்த சொல்லும் ஒன்றுண்டு. கொலையாளியைக் குறிக்கும் 'அசாசின்' என்னும் ஆங்கிலச் சொல், நிஸாரி இஸ்மாயிலிகளை எதிரிகள் 'ஹஷீஷ்' பெயரால் இகழ்ந்த வசையிலிருந்து வந்தது. போதையூட்டப்பட்டுக் கொலைக்கு ஏவப்பட்டவர்கள் என்ற கதை, அவ்வசையைச் சுற்றிப் பின்னப்பட்ட புனைவே என்பதை ஃபர்ஹாத் தஃப்தரி 1994 இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஒரு வசைச்சொல் நூற்றாண்டுகள் கடந்து வரலாறாக வேடம் பூணுவதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

இன்று நம் கரையோரத்தில் வழங்கும் பெயர்களைப் பாருங்கள். கேரளக் கஞ்சா 'கேஜி' ஆகியிருக்கிறது. தூள் என்று பொருள்படும் 'குடு' என்னும் சிங்களச் சொல் ஹெரோயினைக் குறிக்கிறது. மெத்தம்பெட்டமைன் 'ஐஸ்' எனப்படுகிறது. பாடசாலை வாசலில் பிள்ளைகள் ஐஸ்பழம் வாங்கித் தின்னும் ஊரில், உயிர்கொல்லும் நஞ்சுக்கும் அதே பெயர்! இச்சொற்களை அப்படியே கவிதையில் பெய்து, அதனையே துணிச்சல் என்று எண்ணும் இளங்கவிஞர்கள் சிந்திக்க வேண்டும். விற்பவன் சூட்டிய பெயரை விலையின்றி விளம்பரம் செய்வது துணிச்சலாகுமா?

காட்டேரிச் சொல் பொருளைப் பெருக்கிக் காட்டுகிறது. பட்டப்பெயர் அதனைச் சிறுக்கிக் காட்டுகிறது. இரண்டிலும் மறைவது ஒன்றே: யார் உழைத்தார், யார் பெற்றார், யார் சிறை சென்றார் என்னும் கணக்கு. பொதி சுமந்த இளைஞனின் பெயர் பத்திரிகையில் வருகிறது. பொதியின் விலை யார் கைக்குப் போயிற்று என்று எந்தக் கதை கேட்டது?

வினாவெழுப்பிய மாணவர்களுக்கு நம் விடை இதுதான். இரத்தம் குடிக்கப்பட்டது என்று எழுதியவரிடம், எத்தனை மணிநேர உழைப்பு, எத்தனை ரூபாய் கூலி என்று கேளுங்கள். ஐஸ் என்று சொன்னவனிடம், அது என்ன பொருள், எங்கிருந்து வந்தது, இலாபம் யாருக்கு என்று கேளுங்கள். அவ்வினாக்களுக்கு முகங்கொடுக்கத் துணியும் எழுத்தே நாளை இக்கரையின் இலக்கியமாக நிலைக்கும்.