ஏரிக் கதையில் யார் ஊர்?

ஊர் கூடித் தேர் இழுத்ததுபோல் ஏரியை மீட்டார்கள் என்று எழுதுவது நமக்குப் பழகிப்போன வாக்கியம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தேரோட்டத்தை அறிந்தவர்களுக்கு அந்த உவமை உறுத்தும். வடத்தைத் தொட யாரை விட்டார்கள், தேர் எந்தத் தெருமுனையில் திரும்பிக்கொண்டது என்பதெல்லாம் நமக்குத் தெரியும். நம் பேச்சு வழக்கில் ஊர் என்றாலே சேரி நீங்கலான ஊர்தான். உவமையை ஏரிக்கரைக்குக் கொண்டுவந்தால் அந்த விலக்கும் கூடவே வந்துவிடுகிறது.

சேலம் கன்னங்குறிச்சியின் மூக்கனேரியை எடுத்துக்கொள்வோம். சேர்வராயன் மலையடிவாரத்தில் 58 ஏக்கர் பரப்புள்ள ஏரி. கழிவுநீரும் குப்பையும் சேர்ந்து சீரழிந்து கிடந்த அதை 2010இல் சேலம் மக்கள் குழு கையில் எடுத்தது. வாரிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்தார்கள். மண் கரையாமலிருக்க வெட்டிவேரும் மரக்கன்றுகளும் நட்டார்கள். திட்டுகள் பசுமையாயின, பறவைகள் வந்து அடைந்தன. அரசு செய்யத் தவறியதை மக்கள் தம் பணத்தையும் நேரத்தையும் போட்டுச் செய்தார்கள். அதில் முன்நின்ற பியூஷ் மானுஷ், 2016இல் வேறொரு போராட்டத்துக்காகச் சிறைக்கும் போனவர். இந்த உழைப்பைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. அது கதையாக மாறும் விதம்தான் என் கேள்வி.

மூக்கனேரி மட்டுமல்ல, ஏரி மீட்புக் கதைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்படுகின்றன. முதலில் செத்துக்கிடக்கும் ஏரி. பிறகு ஒரு நாயகன். பிறகு பொக்லைன். கடைசிப் படத்தில் ஒற்றைக் காலில் ஒரு நாரை. இந்தக் கதையில் பெண்கள் இரண்டு இடங்களில் வருவார்கள். தண்ணீர் இல்லாதபோது காலிக் குடத்தோடு நிற்பார்கள். தண்ணீர் வந்ததும் கரையில் பொங்கல் வைப்பார்கள். துயரத்துக்கும் கொண்டாட்டத்துக்கும் நடுவே முடிவெடுக்கும் காட்சி ஒன்று உண்டு. அதில் அவர்கள் இல்லை.

இந்தப் பழக்கத்தின் வேர் ஆழமானது. 'கெரெகெ ஹாரா' என்றொரு கன்னட நாட்டுப்பாடல் உண்டு. ஊர்க் கவுடர் ஏரி வெட்டுகிறார், தண்ணீர் ஊறவில்லை. மருமகளைப் பலி கொடுத்தால் ஊறும் என்று குறி சொல்கிறது. இளைய மருமகள் பாகீரதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவளைச் சுற்றித் தண்ணீர் மேலேறுகிறது. படையிலிருந்து திரும்பும் கணவன் செய்தி அறிந்து அதே ஏரியில் விழுந்து சாகிறான். இதைத் தியாகத்தின் பாட்டு என்று போற்றுவது எளிது. ஏரிக்குப் பெண்ணின் உடல் தேவைப்பட்டது, அவள் சம்மதம் தேவைப்படவில்லை என்று படிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இன்று யாரும் யாரையும் பலியிடுவதில்லை. ஆனால் உடல் ஒரு பக்கமும் முடிவு மறுபக்கமும் நிற்கும் ஏற்பாடு அப்படியே இருக்கிறது. பாசன மேலாண்மையை விவசாயிகளிடம் ஒப்படைக்கத் தமிழ்நாடு 2000இல் கொண்டுவந்த சட்டம், நில உடைமையாளர்களைக் கொண்டே நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களை அமைக்கிறது. 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சாகுபடி செய்யும் நில உடைமைகளில் பெண்கள் பொறுப்பில் இருப்பவை ஏறத்தாழ 14 சதவீதம்தான். ஏரியில் துணி வெளுப்பவளும், கரையில் புல்லறுத்து ஆடு வளர்ப்பவளும், ஏரி மீனை வாங்கித் தெருத்தெருவாக விற்பவளும் தண்ணீரை நம்பித்தான் வாழ்கிறார்கள். பட்டா இல்லாததால் அவர்கள் சட்டத்தின் கண்ணில் நீரைப் பயன்படுத்துவோர் ஆவதில்லை.

உழைப்பின் கணக்கோ தலைகீழ். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தில் செய்யப்பட்ட மனித உழைப்பு நாட்களில் 80 சதவீதத்துக்கு மேல் பெண்களுடையது. கிராமங்களில் பலர் அதை 'ஏரி வேலை' என்றே சொல்வார்கள். வரத்து வாய்க்காலைத் தோண்டியதும், வண்டல் சுமந்து கரையில் கொட்டியதும் அவர்கள்தான். ஆனால் சும்மா உட்கார்ந்து கூலி வாங்குகிறார்கள் என்ற ஏளனம்தான் அவர்களுக்குக் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை நகரத்திலிருந்து வந்து அதே மண்ணை அள்ளினால் அது சேவை. கூலிக்கு ஒரு தலித் பெண் அள்ளினால் சோம்பல். மண் ஒன்றுதான். அள்ளும் கையைப் பார்த்துச் சொல் மாறுகிறது.

இது வெறும் கௌரவப் பிரச்சினை அல்ல. ஏரி மீண்டபின்தான் உண்மையான பேரம் தொடங்குகிறது. வேலி போட வேண்டும், நடைபாதை வேண்டும், படகு விடலாம், பறவைகளுக்குத் தொந்தரவு கூடாது. பறவைக்கு அமைதி வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதற்காக யார் விட்டுக்கொடுப்பது? படகுக்காரரும் நடைப்பயிற்சிக்காரரும் கூட்டத்தில் இருப்பார்கள், தங்களுக்காகப் பேசுவார்கள். புல்லறுப்பவள் அங்கே இருக்க மாட்டாள். ஆகவே முதலில் பறிபோவது அவளுடைய புல்லும் துறையும்தான். கோரைப்புதரில் எந்த மாதம் கூடு இருக்கும், எந்தப் பக்கம் அரிவாள் வைக்கக் கூடாது என்று தினமும் புதரோரம் குனிந்து நிற்கிறவளைவிட யார் நன்றாகச் சொல்லிவிட முடியும்? அவளை வெளியே தள்ளினால் அந்த அறிவையும் சேர்த்தே வெளியே தள்ளுகிறோம்.

ஆகவே அடுத்த ஏரிக் கதையைப் படிக்கும்போது எத்தனை பறவை வந்தது என்பதோடு இன்னும் சிலவற்றையும் கேட்போம். கூட்டம் எங்கே நடந்தது? சேரிப் பெண்கள் தயங்காமல் வந்து உட்காரக்கூடிய இடமா? எத்தனை மணிக்கு நடந்தது? அடுப்படி வேலை முடிந்திருக்குமா? வேலி எங்கே வரும் என்று தீர்மானித்த தாளில் யார் யார் கையெழுத்து இருக்கிறது? இவற்றுக்குப் பதில் சொல்ல முடிகிற கதையில்தான் ஊர் கூடியது என்று நான் நம்புவேன்.