உருண்டைக் கணக்கும் கப்பிப்பால் கணக்கும்

பாரம்பரியச் சாப்பாட்டுக்கும் இதயநோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்கிறவர், விருதுநகர் மாவட்டத்து ஆனைக்குட்டம் பக்கத்துக் கரிசல் ஊர்களில் ஒரு பெரியவரிடம் போய், "காலையில எத்தனை செம்பு கம்பங்கூழ் குடிப்பீங்க தாத்தா?" என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தால் அது கணக்கில் சேராது. ராத்திரி தண்ணீரில் போட்டுவைத்த களி உருண்டை, வெயிலுக்குத் தக்கபடி ஒரு செம்பாகவும் கரையும், இரண்டு செம்பாகவும் கரையும். தானியம் உருண்டையில்தான் இருக்கிறது. உருண்டையைத்தான் கேட்க வேண்டும். கடித்துக்கொண்ட மோர்மிளகாயையும் கேட்க வேண்டும். ரத்தக்கொதிப்பைத் தேடி வந்தவர் உப்பை விட்டுவிட்டுப் போகலாமா?

யாழ்ப்பாணத்தில் இந்தத் தொல்லை தேங்காயில் இருக்கிறது. "பாதித் தேங்காய்தான் திருவினனான் தம்பி" என்பார் வீட்டுக்கார அம்மா. அது சம்பலானால் துருவல் மொத்தமும் வயிற்றுக்குள். சொதியானால் முதற்பாலும், அதற்குப் பின் தண்ணீர் விட்டுப் பிழிகிற கப்பிப்பாலும் மட்டும். சக்கையோடு கொழுப்பில் ஒரு பங்கு வெளியே போய்விடும். பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற்கூழோ இன்னும் சிக்கல். மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் ஒரே பானை. ஒருவரின் பனையோலைப் பிளாவில் நண்டு விழும், அடுத்தவருக்கு வெறும் கூழ்.

இந்தியாவில் 1972-இல் தொடங்கிய தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்பு அமைப்பு, வீட்டில் சமைக்குமுன் பொருளைத் தராசில் நிறுத்தது. ஆளுக்கு எவ்வளவு என்பதை, முந்தைய 24 மணி நேரத்தில் தின்றதைக் கேட்டு, கிண்ணங்களைக் காட்டி அளந்தது. சென்னை நீரிழிவு ஆய்வாளர்கள் 222 உணவுகள் கொண்ட கேள்வித்தாளே தயாரித்தார்கள். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இலங்கைச் சாப்பாட்டுக்கென்று தனிக் கேள்வித்தாள் உருவாக்கினார்கள். ஆனால் கடையில் தின்கிற விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா வீட்டுத் தராசில் ஏறாது. அதைப் பாரம்பரியத்தில் சேர்ப்பதா என்று அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டால் அடிதடிதான்.

தின்றதை அளந்தால் பாதி வேலைதான். மாரடைப்பு வருகிறதா என்று வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்தியாவும் சேர்ந்த பன்னாட்டு 'ப்யூர்' (PURE) ஆய்வு அப்படிப் பின்தொடர்ந்தது. 2023-இல் அது ஆறு உணவுகளுக்கு மதிப்பெண் போட்டது: பழம், காய்கறி, பயறு, கொட்டை, மீன், பால். கூடுதல் மதிப்பெண் பெற்றவர்களிடையே இதயநோயும் சாவும் குறைவாக இருந்தன. அந்த ஆறில் கம்பு இல்லை, தேங்காய்ப்பாலும் இல்லை. நாம் மார்தட்டுகிற பண்டத்துக்கு மதிப்பெண் கிடையாது; கூழில் ஊற்றிய மோருக்கும், ஒடியற்கூழில் கிடக்கும் மீனுக்கும் பயிற்றங்காய்க்கும்தான் உண்டு. கம்பு கெட்டது என்று இதற்குப் பொருளில்லை. சிறுதானியம் கொலஸ்ட்ராலைக் குறைப்பதாகச் சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன. கம்பு மாவுப் பாக்கெட்டை மட்டும் வாங்கி, மோரையும் கீரையையும் விட்டுவிட்டு, பாட்டன் சாப்பாடு சாப்பிடுகிறேன் என்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

எதைத் தின்றார்கள் என்பதோடு யாரைக் கேட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இலங்கையில் 2005-06-இல் நடந்த நீரிழிவு, இதயநோய்க் கணக்கெடுப்பு ஒன்பது மாகாணங்களில் ஏழில்தான் நடந்தது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் விடுபட்டன. ஒடியற்கூழ் காய்ச்சும் யாழ்ப்பாணத்து வீடு ஒன்றுகூட அதில் சேரவில்லை.