விரல் நீள ஜாகுவாரை ரசிப்பது எப்படி?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு வருகிறவர்களின் கண் பெரிய சாமான்கள் மீதுதான் போகும். தேக்குத் தூண், நிலைக்கதவு, எனாமல் தூக்கு, ரவிவர்மா படம் என்று செட்டிநாட்டு வீடுகள் பாகம் பிரியும்போது வெளியே வருபவை அவை. அந்தக் குவியலின் அடியில், மரப்பாச்சிக்கும் பித்தளைச் செப்புக்கும் நடுவே, உலோகப் பந்தயக் கார் ஒன்று கிடந்தால் கையில் எடுங்கள். ஓட்டுநர் தலைக்குப் பின்னால் மீன் துடுப்பு போல ஒன்று நிமிர்ந்து நின்றால் அது ஜாகுவார் டி-டைப்பாக இருக்கலாம்.

நிஜக் காரைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் பொம்மை பேசும். பிரான்சில் நடக்கும் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை 1955, 1956, 1957 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றது டி-டைப். முதல் வெற்றியை யாரும் கொண்டாடும் நிலையில் இல்லை. அந்த ஆண்டு ஒரு மெர்சிடிஸ் பார்வையாளர்கள் மேல் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1957-ல் முதல் நான்கு இடங்களும் ஆறாவது இடமும் டி-டைப்புக்கே போயின.

அதன் உருவத்தை வகுத்தவர் மால்கம் சேயர். விமான நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு ஜாகுவாருக்கு வந்தவர். காற்றைக் கிழிக்க வேண்டுமானால் வண்டியின் முகம் தாழ்ந்திருக்க வேண்டும். அதற்காக இன்ஜினைச் சற்றே சாய்த்து வைத்தார்கள். ஆயில் அதன் அடியில் தங்காமல் தனித் தொட்டிக்குப் போகும்படி செய்தார்கள். பானெட் அவ்வளவு தழைந்திருப்பது அதனால்தான். பின்னாலிருக்கும் துடுப்பும் அலங்காரத்துக்கு வைத்ததல்ல. லெ மான்ஸின் ஏறக்குறைய 6 கிலோமீட்டர் நேர்சாலையில் முழு வேகத்தில் போகும்போது வண்டி அலைபாயாமல் பிடித்து நிறுத்துவது அதன் வேலை.

இனி பொம்மைக்கு வருவோம். உள்ளங்கையில் வைத்து மேலிருந்து பார்ப்பதுதான் எல்லோருக்கும் பழக்கம். அப்படிப் பார்த்தால் எல்லாப் பந்தயக் கார்களும் ஒன்றுபோலவே தெரியும். திண்ணையில் வைத்து, உங்கள் கண்ணைக் காரின் மட்டத்துக்கு இறக்குங்கள். பின்னால் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பழைய சுண்ணாம்புச் சுவர் இருந்தால் அதைவிட நல்ல திரை கிடையாது. வளவின் திறந்த வானத்திலிருந்து இறங்கும் வெளிச்சமும் இதற்குப் பாங்கானது. அந்த ஒளி காரின் மூக்கில் தொடங்கி, முன்சக்கரத்தின் மேல் ஏறி, ஓட்டுநர் பக்கம் தாழ்ந்து, பின்சக்கரத்தின் மேல் மறுபடி எழுகிறதா என்று பாருங்கள். எங்கும் உடையாமல் ஓடினால் அச்சு வெட்டியவர் கைதேர்ந்தவர். நான் முதலில் பார்ப்பது அந்த ஒளிக்கோட்டைத்தான். நிறமும் எண்ணும் பிறகு.

இங்கிலாந்தின் டிங்கி டாய்ஸ், 238 என்ற எண்ணில் இந்தக் காரை 1957-ல் வெளியிட்டது. நீளம் 87 மில்லிமீட்டர். துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் செலுத்தி வார்த்தது. அதன் நிறம் பச்சையும் நீலமும் கலந்த டர்க்காய்ஸ். லெ மான்ஸில் வென்ற கார்களோ கரும்பச்சை அல்லது ஸ்காட்லாந்து அணியான எக்யூரி எக்கோஸின் நீலம். இதைப் பிழை என்று தள்ளிவிடாதீர்கள். கடை ஜன்னலில் ஒரு சிறுவனின் கண்ணை இழுக்க வேண்டிய நிறம் அது. எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

பிறகு காரைக் கவிழ்த்துப் பாருங்கள். இந்திய வாசகர்களுக்கு உரிய கதை அடித்தகட்டில்தான் இருக்கிறது. 1960-களின் பிற்பகுதியில் டிங்கியின் பழைய அச்சுகள் சில கல்கத்தாவுக்கு வந்தன. அங்கே அட்டாம்கோ என்ற நிறுவனம் அவற்றிலிருந்து ‘நிக்கி டாய்ஸ்’ என்ற பெயரில் கார்கள் வார்த்தது. டி-டைப்பும் அந்த வரிசையில் உண்டு. டிங்கி என்ற பெயரைச் சுரண்டி நீக்கிய தடம் சில கார்களின் அடியில் தெரியும். பெயின்ட் தடிப்பாக இருக்கும். தேய்ந்த அச்சு என்பதால் விளிம்புகள் மழுங்கியிருக்கும். சேகரிப்பாளர்களில் சிலர் இதை மட்டமான நகல் என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. லிவர்பூலில் வெட்டிய அச்சும் கல்கத்தாத் தொழிலாளியின் கையும் ஒரே உலோகத்தில் சேர்ந்திருக்கின்றன. பானெட் திறந்து இன்ஜின் தெரிகிற இன்றைய 1/18 மாடல்கள் நுணுக்கத்தில் எங்கோ உயரத்தில் இருக்கின்றன. அவற்றையும் ரசிக்கலாம், ஆனால் இந்த வரலாறு அவற்றில் கிடையாது.

கவிழ்த்தபோதே ரிவெட்டுகளையும் கவனியுங்கள். அவை துளைக்கப்பட்டிருந்தால் யாரோ காரைப் பிரித்துப் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று பொருள். அறுபது வருடப் பழைய காரில் டயர் மட்டும் கன்னங்கரேலென்று பளபளத்தால் அது பின்னாளில் மாட்டியதாக இருக்கும். பெயின்ட் உதிர்ந்த இடங்களைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். சிமென்ட் தரையில் அதை ஓட்டிய பிள்ளைகளின் தடம் அது. புதிதாகப் பூசினால் அந்தத் தடமும் போகும், விலையும் விழும்.

ஒரு எச்சரிக்கை. பித்தளைச் சாமானைப் புளி போட்டுத் தேய்க்கும் பழக்கத்தில் இதையும் தேய்த்துவிடாதீர்கள். புளியின் அமிலம் துத்தநாகத்தை அரிக்கும். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டி, ஈரம் படாத அலமாரியில் வைத்தால் போதும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு கார் கிடக்கலாம். சாமான்களை எடைக்குப் போடும் முன்பு தகரப் பெட்டிகளை ஒருமுறை கிளறிப் பாருங்கள். அட்டைப் பெட்டியோடு கிடைத்தால், கிழிந்திருந்தாலும் அந்தப் பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள்.