டிங்கரின் காது

ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றி ஓய்ந்துபோன பழைய பெட்ரோல் ஜீப்புக்கு உயிர் கொடுக்கும் போடிநாயக்கனூர் பட்டறையில், கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை. ஒடுங்கிய தகட்டுக்குப் பின்னால் இரும்புக் கட்டையை அணைத்துப் பிடித்து, முன்பக்கம் மெல்லத் தட்டுகிறார் டிங்கர். சொத்தென்ற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கணீரென்று மாறுகிறது; நெளிவு எடுபட்டுவிட்டது! பிறகு பட்டி பூசி, தண்ணீர் தொட்டுத் தொட்டு உப்புத்தாள் தேய்ப்பு. கண்ணுக்குத் தெரியாத மேட்டைக்கூட உள்ளங்கை காட்டிக்கொடுத்துவிடும். பெயின்ட்டின் பளபளப்பைப் பாராட்டுகிறவர்கள் இந்தத் தேய்ப்பைப் பார்த்ததில்லை, பாவம். கார்புரேட்டர் திருகை இம்மியிம்மியாகத் திருப்பி, தலைசாய்த்துக் கேட்கும் மெக்கானிக்கிடம் அப்போது யாரும் பேசுவதில்லை. சோதனை ஓட்டம் போடிமெட்டுக்கு. முந்தலைத் தாண்டியதும் ஏற்றம், 17 கொண்டை ஊசி வளைவுகள். திணறாமல் ஏறிவிட்டால் மேலே டீ, வண்டிக்காரர் செலவில்.